எத்தனை நாளாக இருமல்?

மருந்துக்கடைக்கு இருமல் மருந்து கேட்டு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு இருமலே இருக்காது. இருமுகிறவர் வீட்டில் படுத்திருப்பார். மகனோ, மருமகளோ, பக்கத்து வீட்டுப் பையனோ வந்து, "நல்ல சிரப்பாக ஒன்று கொடுங்கள் அக்கா" என்று நிற்பார்கள். யாருக்கு என்றால் அம்மாவுக்கு என்று உடனே பதில் வரும். எத்தனை நாளாக என்று கேட்டால்தான் யோசிப்பார்கள். "கொஞ்ச நாளாகத்தான்." எங்கள் ஊரில் கொஞ்ச நாள் என்பது நான்கு நாளாகவும் இருக்கலாம், மாரியம்மன் நோம்பிக்கு முன்பே தொடங்கியதாகவும் இருக்கலாம்.

பல்லடத்துக்குப் பக்கத்தில், தறிச் சத்தம் ஓயாத ஊர் ஒன்றில் மருந்தாளுநராக இருக்கிறேன். மருத்துவர் அல்ல. நோயைக் கண்டுபிடிப்பது என் வேலையும் அல்ல. எந்த இருமலைக் கடையோடு முடித்துக்கொள்ளலாம், எதை இன்றைக்கே மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்று பிரித்துப் பார்ப்பதுதான் கவுண்டருக்கு இந்தப் பக்கம் நிற்பவளால் முடிந்தது. அதற்கு இருமலின் சத்தம் பெரிதாக உதவுவதில்லை. வறட்டு இருமலா, சளி இருமலா என்ற கேள்வி எந்தப் பாட்டிலை எடுப்பது என்பதற்கு வேண்டுமானால் பயன்படும். நோய் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ள நாட்காட்டியும் கடிகாரமும் வேண்டும்: எத்தனை நாளாக, எந்த நேரத்தில். அதற்குப் பிறகு இரண்டு கேள்விகள். வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்? என்ன வேலை பார்க்கிறீர்கள்?

இருமலைத் தூண்டும் நரம்பின் பெயர் வேகஸ். மூளையிலிருந்து இறங்கித் தொண்டை, மூச்சுக்குழாய், நுரையீரல், உணவுக்குழாய், இதயம், இரைப்பை வரை கிளை விட்டுப் போகிறது. ஒரு சிறு கிளை காதுக்குள்ளும் இருக்கிறது. காதைக் குடையும்போது சிலருக்கு இருமல் வருவது அதனால்தான். இவ்வளவு நீளமான நரம்பு எந்த இடத்தில் சீண்டப்பட்டாலும் வாய் வழியே வருவது ஒரே இருமல்தான். அந்த இருமலை மட்டும் கேட்டுவிட்டு, தொண்டையில் கோளாறு, நெஞ்சில் சளி என்று முடிவு கட்டுவது அவசரம்.

முதலில் பயப்பட வேண்டாத இருமலைச் சொல்லிவிடுகிறேன், வருகிற கூட்டத்தில் பெரும்பகுதி அதுதான். சளி பிடித்தது, இரண்டு நாள் காய்ச்சல் அடித்தது, எல்லாம் போய்விட்டது, இருமல் மட்டும் நிற்கவில்லை. வைரஸ் போன பிறகும் மூச்சுக்குழாயின் உள்தோல் புண்பட்டே இருக்கும். குளிர்ந்த காற்று, ஊதுவத்திப் புகை, உரக்கச் சிரிப்பது, எதுவும் அதைக் கிளப்பிவிடும். இது எவ்வளவு நாள் இருக்கும் என்று அமெரிக்காவில் மக்களிடம் கேட்டபோது ஏழு முதல் ஒன்பது நாள் என்றார்கள். பழைய ஆய்வுகளையெல்லாம் சேர்த்துப் பார்த்ததில் கிடைத்த சராசரி ஏறக்குறைய 18 நாள். 2013-ல் வெளிவந்த அந்தக் கட்டுரையின் முடிவு எங்கள் கவுண்டருக்கு அப்படியே பொருந்தும். ஒன்பதாம் நாள்தான் பொறுமை போகிறது. அன்றைக்குத்தான், "அந்த மூன்று நாள் மாத்திரை கொடுங்கள்" என்று அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் கேட்டு வருகிறார்கள். பெயர் தெரியாவிட்டாலும் அட்டையின் நிறம் தெரியும். மருந்துச் சீட்டு இல்லாமல் அதை விற்பது சட்டப்படி தவறு. வைரஸுக்கு அது ஒன்றும் செய்யாது என்பது தனி. சளி மஞ்சளாகிவிட்டது, பச்சையாகிவிட்டது என்று கைக்குட்டையை விரித்துக் காட்டுகிறவர்களும் உண்டு. நம் உடம்பின் வெள்ளணுக்கள் வேலை செய்ததால் வரும் நிறம் அது. அதை மட்டும் வைத்து ஆன்டிபயாடிக் வேண்டும் என்று சொல்லிவிட முடியாது.

சராசரியே 18 நாள் என்றால் மூன்று வாரம் சும்மா இருக்கலாமா? நம் நாட்டில் கூடாது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் சளிப் பரிசோதனை என்பது இங்கே விதி. உலகத்துக் காசநோயாளிகளில் ஏறக்குறைய கால்வாசிப் பேர் இந்தியாவில் இருக்கிறார்கள். அதனால் மற்ற நாடுகளில் பொறுத்திருந்து பார்க்கும் இருமலை நாம் சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் பொறுக்க வேண்டும். இரண்டு வாரம் தாண்டிய இருமலில் பெரும்பாலானவை காசநோய் அல்ல என்பதும் உண்மைதான். ஆனால் சோதனைக்குச் செலவில்லை, ஓரிரு நாளில் முடிகிற வேலை. சோதிக்காமல் விட்டால் வரும் நட்டத்தில் அதே வீட்டில் படுத்துறங்கும் குழந்தைகளுக்கும் பங்கு உண்டு.

இருமலோடு மாலைக் காய்ச்சல், இரவில் சட்டை நனையும் வியர்வை, எடைக் குறைவு, பசியின்மை இவற்றில் ஏதாவது சேர்ந்திருந்தால் இரண்டு வாரம் என்ற கணக்குக்கும் காத்திருக்க வேண்டாம். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குக் காசநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகம். எங்கள் ஊரில் சர்க்கரை மாத்திரை போகாத தெருவே கிடையாது, ஆகவே இதை அழுத்திச் சொல்கிறேன். வீட்டில் ஒருவருக்குக் காசநோய் இருந்து மற்றவர் இருமினாலும் அப்படியே.

இருமலுக்கென்று லீவோஃப்ளாக்ஸசின் போன்ற ஆன்டிபயாடிக் மாத்திரையைக் கடையில் வாங்கிப் போட்டுக்கொள்வதில் இருக்கும் ஆபத்து பலருக்குத் தெரியாது. அது காசநோய்க் கிருமியையும் ஓரளவு அடக்கும் மருந்து. பத்து நாள் நன்றாக இருப்பதுபோல் தோன்றும், சோதித்தாலும் கிருமி சரியாகத் தெரியாமல் போகலாம், பிறகு நோய் திரும்ப எழும்போது இரண்டு மாதம் போயிருக்கும். 2014 முதல் இந்த வகை மருந்துகளையும் காசநோய் மருந்துகளையும் விற்றால் எச்1 பதிவேட்டில் நோயாளி பெயர், சீட்டு எழுதிய மருத்துவர் பெயர் எல்லாம் எழுதி வைக்க வேண்டும். அந்த நோட்டை நான் எடுத்தாலே, "வேண்டாம் விடுங்கள், வேறு கடையில் பார்த்துக்கொள்கிறேன்" என்று நடையைக் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். பெயர் எழுதினால் ஊருக்குத் தெரிந்துவிடும் என்ற பயம்.

அந்தப் பயத்துக்குப் பழைய காரணம் உண்டு. காசம் என்றால் ஊரைவிட்டு ஒதுக்கி, தாம்பரம் சானடோரியத்துக்கு அனுப்பிவிடுவார்கள் என்பது பாட்டி காலத்து நினைவு. 1928-ல் டாக்டர் சௌரி முத்து தொடங்கிய காசநோய் மருத்துவமனை அது. இன்று மின்சார ரயில் நிற்கும் நிலையத்தின் பெயராகவும் இருக்கிறது. ஒதுக்கி வைக்க வேண்டியதில்லை என்று உலகத்துக்குக் காட்டியதும் சென்னைதான். 1956-ல் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையத்தில் நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியைச் சானடோரியத்திலும் மறுபாதியை அவர்களுடைய நெருக்கடியான வீடுகளிலேயேயும் வைத்து ஒரே மருந்தைக் கொடுத்தார்கள். 1959-ல் முடிவு வந்தது. நல்ல சாப்பாடும் ஓய்வும் கிடைத்தவர்களுக்கு ஈடாக வீட்டிலிருந்தவர்களும் குணமானார்கள். மருந்து தொடங்கிய பிறகு வீட்டிலிருப்பவர்களுக்குத் தொற்றும் அபாயமும் கூடவில்லை. உலகம் முழுவதும் சானடோரியங்கள் மூடப்பட்டதற்கு அந்த ஆய்வு ஒரு பெரிய காரணம். இன்றைய சாதாரணக் காசநோய்க்கு ஆறு மாத மாத்திரை, அரசில் இலவசம், சாப்பாட்டுக்கு மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வருகிறது. தனியார் மருத்துவரிடம் போனாலும் அவர் அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும். ஆகவே மறைப்பதற்கு வேறு ஊர்க் கடைக்குப் போவதில் பயனில்லை.

இனிக் கடிகாரம். பகலில் நன்றாக இருக்கிறார், இரவு இரண்டு மூன்று மணிக்கு எழுந்து உட்கார்ந்து இருமுகிறார் என்றால் ஆஸ்துமாவை நினைக்க வேண்டும். இழுப்புச் சத்தம் இல்லாமல் வெறும் இருமலாகவே வருகிற ஆஸ்துமாவும் உண்டு. மழைக்காலம், ஒட்டடை அடித்த நாள், போகிப் புகை, தாளிப்பு நெடி, இவற்றோடு கூடுகிற இருமல் அந்தப் பக்கம் கைகாட்டும். இதற்கு இன்ஹேலர் எழுதிக் கொடுத்தால், "அது பழகிவிடுமாமே, மாத்திரையாகக் கொடுங்கள்" என்று சீட்டைத் திருப்பி நீட்டுகிறார்கள். இழுக்கும் மருந்து நேரே மூச்சுக்குழாய்க்குப் போகிறது, அளவு மைக்ரோகிராமில் இருக்கிறது. மாத்திரை உடம்பு முழுக்கச் சுற்றிவிட்டுத்தான் அங்கே போகும், அளவும் பல மடங்கு. பழக்கம் என்ற பயம் எதற்காவது பொருந்துமென்றால் சீட்டில்லாமல் ஆண்டுக்கணக்கில் வாங்கித் தின்கிற ஸ்டீராய்டு மாத்திரைக்குத்தான் பொருந்தும்.

தமிழ்நாட்டில் இரவு இருமலுக்கு இன்னொரு பெயர் இருக்கிறது. "எனக்கு ஈஸ்னோபீலியா இருக்கிறது" என்பார்கள், ஏதோ சாதிச் சான்றிதழ் காட்டுகிற தோரணையில். எப்போதோ ஒரு ரத்தப் பரிசோதனையில் ஈஸ்னோஃபில் என்ற வகை வெள்ளணுக்கள் கொஞ்சம் கூடுதலாக இருந்திருக்கும். ஒவ்வாமையிலும் குடற்புழுவிலும்கூட அது கூடும். உண்மையான நோய் வேறு. யானைக்கால் புழுவின் நுண்குஞ்சுகள் நுரையீரலில் சிக்கி, உடம்பு அவற்றோடு மல்லுக்கு நிற்பதால் வருவது. ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் இந்த அணுக்களின் எண்ணிக்கை 3,000-க்கு மேல் ஏறிவிடும். இரவு முழுக்க இருமல், இளைப்பு, எக்ஸ்ரேயில் சில சமயம் காசநோய் போன்ற நிழல். மதனப்பள்ளிக்குப் பக்கத்தில் ஆரோக்கியவரம் சானடோரியத்தில் வேலை பார்த்த ஃபிரிமோட் மோலர் என்ற மருத்துவரும் அவருடைய சகாவும் 1940-ல் இதை எழுதினார்கள். காசம் என்று அனுப்பப்பட்டவர்களில் சிலருக்குக் கிருமியே இல்லை, இந்த அணுக்கள் மட்டும் குவிந்திருந்தன. இதற்கு மருந்து டை எத்தில் கார்பமசின், மூன்று வாரம். அந்த மாத்திரையை யார் இருமினாலும் விழுங்குகிற வழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. ஒவ்வாமை இருமலுக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை.

படுத்தவுடன் வருகிற இருமல் வேறு. சாப்பிட்டவுடன் படுப்பவர்களுக்கு இரைப்பை அமிலம் மேலேறி வேகஸ் நரம்பைச் சீண்டும். நெஞ்செரிச்சல் இல்லாமல் இருமல் மட்டுமே இருப்பதும் உண்டு. இரவுச் சாப்பாட்டை இரண்டு மூன்று மணி நேரம் முன்னால் தள்ளினாலே சிலருக்குத் தணிந்துவிடும். ஆனால் படுத்தால் மூச்சு முட்டி, எழுந்து உட்கார்ந்தால்தான் தேவலை என்கிற வயதானவருடைய இருமலை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. ஒரு தலையணை இரண்டாகி, இரண்டு மூன்றாகி, காலும் வீங்கியிருந்தால் அது இதயத்தின் முறையீடு. இதயம் தள்ள முடியாத ரத்தம் நுரையீரலில் தேங்கி, நீர் கசிகிறது. இளஞ்சிவப்பு நுரையாகச் சளி வந்தால் விடியும் வரை காத்திருக்கக் கூடாது.

மாத்திரையால் வரும் இருமலைக் கண்டுபிடிப்பதில் எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு வசதி உண்டு: சீட்டு எங்கள் கைக்குத்தான் வருகிறது. ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் மாதா மாதம் பிரஷர் மாத்திரை வாங்க வருவார். சளி கிடையாது, காய்ச்சல் கிடையாது, தொண்டையில் இறகு வைத்துத் தடவுவதுபோல் ஒரு நமைச்சல், உடனே கக், கக் என்று இருமல். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேட்கும். எக்ஸ்ரே எடுத்தாயிற்று, சுத்தம். சிரப் நான்கு வகை குடித்தாயிற்று. நாட்டுச் சர்க்கரையும் மிளகும் வாயில் அடக்கிக்கொண்டு ஒரு நாள் வந்தவரிடம், "ஐயா, இந்த மாத்திரை தொடங்கியது எப்போது?" என்றேன். "தை மாதம் அம்மா." இருமல்? கொஞ்சம் யோசித்தார். "மாசியில் பேத்தி சீர் நடந்தது, அப்போது இருமிக்கொண்டுதான் பந்தியில் நின்றேன்." சீட்டில் இருந்தது ராமிப்ரில். எனலாப்ரில், லிசினோப்ரில், ராமிப்ரில் என்று 'ப்ரில்' என்று முடிகிற இந்தக் குடும்பம் இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நல்ல மருந்து. ஆனால் பிராடிகைனின் என்ற பொருளை உடைக்கவிடாமல் தடுப்பதால் சிலருக்கு இப்படி வறட்டு இருமலைக் கொண்டுவரும். மாத்திரை தொடங்கி மாதங்கள் கழித்தும் வரும் என்பதால்தான் யாரும் இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதில்லை. நானாக நிறுத்தச் சொல்லவில்லை. பிரஷர் மாத்திரையைத் தானாக நிறுத்துவது இருமலைவிடக் கெடுதி. ஒரு துண்டுச் சீட்டில் எழுதி அவருடைய மருத்துவரிடமே அனுப்பினேன். அவர் வேறு குடும்பத்து பிரஷர் மாத்திரையான டெல்மிசார்ட்டனுக்கு மாற்றினார். இருமல் மறுநாளே நிற்காது, சில வாரம் பிடிக்கும். சிலருக்கு மூன்று மாதம்கூட ஆகும். ஐயா இப்போது என் கடைப் பலகையில் உள்ள ஒற்றுப்பிழைகளைத் திருத்துகிறார், இருமாமல்.

வேலை என்ன என்ற கேள்விக்கு வருகிறேன். கழிவுப் பஞ்சிலிருந்து நூல் எடுக்கும் ஓ.இ. மில்கள் இந்தப் பக்கம் நிறைய. பஞ்சை உடைத்து உதறும் இடத்திலும் அதைச் சீவும் கார்டிங்கிலும் நிற்கிறவர்களுடைய புருவம்கூட வெள்ளையாக இருக்கும். ஷிஃப்ட் முடிந்து கடைக்கு வந்து காசு எடுக்கச் சட்டைப்பையில் கைவிட்டால் பஞ்சுத் தூசியும் சேர்ந்து வரும். அவர்களில் சிலருக்கு வார விடுமுறை முடிந்து முதல் நாள் வேலைக்குப் போனதும் நெஞ்சு இறுகும், இருமல் வரும். இரண்டாம் நாள், மூன்றாம் நாள் குறைந்துவிடும். உடம்பு சுளுவாகிவிட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள். பஞ்சுத் தூசி நோயின் ஆரம்பக் குறியே அதுதான், மருத்துவத்தில் அதற்குப் பெயர் பிசினோசிஸ். ஆண்டுகள் போகப் போக எல்லா நாளும் இறுகும், பிறகு வேலையை விட்டாலும் முழுதாகச் சரியாகாது. ஆகவே மருத்துவரிடம் போகிறபோது அவர் கேட்காவிட்டாலும், "நான் மில்லில் கார்டிங்கில் நிற்கிறேன், திங்கட்கிழமைகளில் அதிகம்" என்று சொல்லுங்கள். கல்குவாரி, கிரஷர், கோழிப்பண்ணை, புறாக் கூண்டு, எதுவானாலும் சொல்லுங்கள். இரண்டு நிமிடத்தில் முடிகிற புறநோயாளிப் பிரிவில் இந்த ஒரு வாக்கியம் வழியையே மாற்றிவிடும்.

பீடியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், தெரியும். தெரியாதது விறகடுப்பு. வாழ்நாளில் ஒரு பீடியைத் தொடாத அறுபது வயது அம்மாக்களுக்கு, முப்பது நாற்பது வருடம் பீடி பிடித்தவருடைய நுரையீரல் இருக்கிறது. விறகும் வரட்டியும் பருத்திமாரும் எரித்து ஊதாங்குழலில் ஊதியதன் பலன். காலையில் எழுந்ததும் சளி, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவது, ஒவ்வொரு மழைக்காலமும் முந்தியதைவிட மோசம். வயதாகிவிட்டது என்று அவர்களே சொல்லி முடித்துவிடுகிறார்கள். மூச்சை ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி சோதனையில் இது தெரியும், இன்ஹேலரால் நன்றாகவே தணியும்.

புகைத்தவருடைய பழைய இருமல் திடீரென்று குணம் மாறினாலும், குரல் மூன்று வாரத்துக்கு மேல் கம்மியிருந்தாலும், நுரையீரல் புற்றுநோய் இல்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். கிருமி கிடைக்காமலே எக்ஸ்ரே நிழலை மட்டும் பார்த்துக் காசநோய் மாத்திரை கொடுத்து மாதங்கள் வீணான கதைகள் நம் நாட்டில் உண்டு. மருந்து தொடங்கி இரண்டு மாதத்தில் கொஞ்சமும் தேறவில்லை என்றால் மறுபடி கேள்வி கேட்க நோயாளிக்கு உரிமை இருக்கிறது.

குழந்தைகளின் இருமலில் நான் எதையும் கடையோடு முடித்துக்கொள்வதில்லை. 2025 அக்டோபருக்குப் பிறகு பெற்றோருக்கும் அந்த எண்ணம் வந்துவிட்டது. மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாடாவில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். அவர்கள் குடித்த இருமல் சிரப் நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. தமிழ்நாட்டு ஆய்வகம் சோதித்தபோது அதில் டை எத்திலீன் கிளைக்கால் 48.6 சதவீதம். அனுமதிக்கப்பட்ட உச்சவரம்பு 0.1. இனிப்பான, நிறமில்லாத, தொழிற்சாலைக்கான விஷம். மருந்துக்குரிய கரைப்பானுக்குப் பதிலாகவோ அதோடு கலந்தோ வந்துவிடுகிறது. 1937-ல் அமெரிக்காவில் நூற்றுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது இதே பொருள். 1972-ல் சென்னையிலேயே குழந்தைகள் இதனால் இறந்திருக்கிறார்கள். 2022-ல் காம்பியா. இத்தனைக்குப் பிறகும் நடந்தது என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் கோபம் அடங்கவில்லை. அந்த வாரம் அலமாரியில் இருந்த குழந்தை சிரப் பாட்டில்கள் ஒவ்வொன்றின் பேட்ச் எண்ணையும் கையில் எடுத்துப் படித்தோம்.

விஷம் கலக்காத சிரப்பும் சின்னக் குழந்தைக்குப் பெரிய உதவி செய்வதில்லை என்பதுதான் பலருக்கும் சொல்லப்படாத விஷயம். இரண்டு வயதுக்குக் கீழ் இருமல், சளி மருந்து எழுதவே வேண்டாம், ஐந்துக்குக் கீழ் பொதுவாகத் தவிர்க்கலாம் என்று மத்திய சுகாதாரத் துறையும் அறிவுறுத்தியிருக்கிறது. ஒரு வயது தாண்டிய குழந்தைக்குப் படுக்கும் முன் அரை டீஸ்பூன் தேன் கொடுக்கலாம். ஒரு வயதுக்குள் தேன் கூடவே கூடாது, அதில் இருக்கக்கூடிய பொட்டுலிசக் கிருமியைச் சமாளிக்கும் குடல் அப்போது இல்லை. பெரியவர்களுக்குக் கற்பூரவல்லி, தூதுவளை ரசம், அதிமதுரம் எதற்கும் நான் எதிரி இல்லை. ஆடாதோடை இலையில் உள்ள வாசிசின் என்ற பொருளைப் பார்த்துத்தான் புரோம்ஹெக்சின் செய்தார்கள், அதன் வழிவந்ததுதான் அம்புராக்சால். பாட்டியின் கஷாயமும் என் அலமாரிப் பாட்டிலும் பங்காளிகள். இரண்டும் சளியை இளக்குவதோடு சரி, காரணத்தைத் தொடாது.

ஓடி விளையாடிக்கொண்டிருந்த குழந்தை, நிலக்கடலையோ புளியங்கொட்டையோ வாயில் போட்டபோது திடீரென்று இருமத் தொடங்கி, முகம் சிவந்து, பிறகு அடங்கிவிட்டால் தப்பித்தோம் என்று இருந்துவிடாதீர்கள். கடலை ஒரு பக்க மூச்சுக்குழாயில் இறங்கி உட்கார்ந்திருக்கலாம். எக்ஸ்ரேயில் கடலை தெரியாது. பத்து நாள் கழித்து, மருந்துக்கு அடங்காத இருமலாகவும் ஒரே பக்கத்து நிமோனியாவாகவும் வரும். கடலை தின்றபோது புரையேறியது என்ற தகவலை மருத்துவரிடம் சொல்ல வேண்டியது வீட்டார்தான்.

கக்குவான் இருமல் இன்னும் போய்விடவில்லை. மூச்சு விட இடமில்லாமல் தொடர்ந்து இருமி, கடைசியில் கூவுவதுபோல் மூச்சை இழுப்பதும், இருமி முடித்து வாந்தி எடுப்பதும் அதன் அடையாளம். கைக்குழந்தைக்கு அந்தக் கூவலே வராது, மூச்சு அப்படியே நின்றுபோகும், உதடு நீலமாகும். ஆறு, பத்து, பதினான்காம் வாரங்களில் போடும் பென்டாவேலன்ட் ஊசியில் இதற்கான பாதுகாப்பும் இருக்கிறது. அந்த ஊசியைக் காய்ச்சலுக்குப் பயந்து தள்ளிப்போடும் வீடுகளில், வாரக்கணக்காக இருமும் தாத்தாவே குழந்தைக்குக் கொடுத்துவிடலாம்.

இருமும் குழந்தைக்கு நிமோனியாவா என்று பார்க்க ஸ்டெதஸ்கோப் வேண்டாம். அழாமல் அமைதியாக இருக்கும்போது சட்டையைத் தூக்கி, முழுசாக ஒரு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குள் 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40, இந்த எண்ணிக்கையைத் தொட்டாலே மருத்துவரிடம் போக வேண்டும். மூச்சை இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலும், பால் குடிக்க முடியாமல் விட்டுவிட்டாலும், எழுப்ப முடியாமல் துவண்டு கிடந்தாலும் எண்ணிக்கொண்டிருக்கக் கூடாது, உடனே கிளம்ப வேண்டும்.

பெரியவர்களில் யாரை அன்றே அனுப்புகிறேன் என்றால்: ஒரு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் பேசி முடிக்க முடியாதவரை. உதடோ நகமோ நீலம் பூத்தவரை. இருமும்போது நெஞ்சில் குத்துவதாகச் சொல்கிறவரை, காய்ச்சல் குறைந்து மறுபடி ஏறியவரை. இருமி இருமி மயங்கி விழுந்தவரை. ஒரு கால் மட்டும் வீங்கி, திடீரென்று மூச்சுத் திணறலும் இருமலும் வந்தவரை, ஏனென்றால் காலில் உறைந்த ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போயிருக்கலாம். வயதானவர்கள் காய்ச்சல்கூட இல்லாமல் நிமோனியாவில் விழுவார்கள். சாப்பிட மறுத்து, சம்பந்தமில்லாமல் பேசத் தொடங்கினால் அதுவே குறி. கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்சிமீட்டர் பல வீடுகளில் பீரோவில் இருக்கிறது. பேட்டரி மாற்றி, மருதாணியோ நகப்பூச்சோ இல்லாத விரலில் மாட்டுங்கள். 94-க்குக் கீழே காட்டினால் மருத்துவரைப் பார்க்க வேண்டும், 90-க்குக் கீழே என்றால் 108.

ரத்தம் வந்தால் எவ்வளவு என்று பேரம் பேச வேண்டாம். பலமாக இருமித் தொண்டை கீறி ஒரு கோடு வந்திருக்கலாம், காசநோயாகவும் இருக்கலாம், புற்றுநோயாகவும் இருக்கலாம். வீட்டில் உட்கார்ந்து அதைத் தீர்மானிக்க முடியாது. கோடு என்றால் அன்றோ மறுநாளோ, ஒரு தேக்கரண்டிக்கு மேல் என்றால் அந்த நிமிடமே.

சளிப் பரிசோதனைக்கு அனுப்புகிறவர்களில் பலர், "எடுத்துக்கொண்டு போனேன், சரியில்லை என்று திருப்பிவிட்டார்கள்" என்று அலுத்துக்கொண்டு திரும்புகிறார்கள். அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். ஆரம்ப சுகாதார நிலையத்தில் மூடி போட்ட டப்பா கொடுப்பார்கள். ஒரு சளி அங்கேயே, இன்னொன்று மறுநாள் காலை வீட்டிலிருந்து. காலையில் எதுவும் சாப்பிடுவதற்கு முன் வெறும் தண்ணீரில் வாயைக் கொப்பளியுங்கள். வீட்டுக்குள் எடுக்காமல், மற்றவர்கள் இல்லாத திறந்த இடத்துக்குப் போங்கள். இரண்டு மூன்று முறை ஆழமாக மூச்சை இழுத்துப் பிடித்து, அடிவயிற்றிலிருந்து இருமுங்கள். வாயில் ஊறும் எச்சிலும் மூக்கைச் சிந்திய சளியும் கணக்கில் வராது, நெஞ்சிலிருந்து வரும் கெட்டியான சளி ஒரு டீஸ்பூன் அளவாவது வேண்டும். மூடியை இறுக்கி, டப்பாவின் மேல் (மூடியில் அல்ல) பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, வெயிலில் வைக்காமல் அன்று காலையிலேயே கொடுத்துவிடுங்கள். இப்போதைய மரபணுச் சோதனைக் கருவி இரண்டு மணி நேரத்தில் கிருமி இருக்கிறதா, முக்கிய மருந்துக்கு அது அடங்குமா என்று இரண்டையும் சொல்லிவிடும். கருவி பக்கத்து ஊரில் இருந்தால் முடிவு வர ஒன்றிரண்டு நாள் ஆகலாம். சந்தேகம் என்றால் 1800-11-6666 என்ற இலவச எண்ணில் கேட்கலாம், தமிழிலும் பேசுவார்கள்.